ஒன்பது ஆண்டுகள் பிந்தி வந்த வெள்ளி

ஊக்கமருந்தினால் வீழ்ந்த வீரர்களைப் பற்றி எழுத முற்படும்போது நம் பத்திரிகையாளரின் பேனாவில் இரக்கம் தானாகவே ஊறிவிடுகிறது. 1988 இல் சியோலில் 100 மீற்றரை 9.79 செக்கன்களில் ஓடி, மூன்றே நாட்களில் தங்கத்தை இழந்த பென் ஜோன்சனுக்காக இரங்கி எழுதினோம். 2007 ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்ற வாசலில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்ட மரியன் ஜோன்ஸுக்காகவும் அவ்வாறே எழுதினோம். மறு ஆண்டு அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, இரண்டு பச்சிளம் பிள்ளைகளின் தாயாயிற்றே என்று பலரும் உருகினார்கள்.

என்னால் அவ்வளவு எளிதில் உருக முடியவில்லை. அந்த வழக்கில் களவு போன பொருளின் ஒரு பங்கு நம் நாட்டுக்குரியது.

2000 செப்டெம்பரில் சிட்னியில் நடைபெற்ற பெண்களுக்கான 200 மீற்றர் இறுதிப் போட்டியை நினைவுகூருங்கள். ஜோன்ஸ் 21.84 செக்கன்கள். பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27. வரக்காப்பொலையை அடுத்த அத்னாவல என்னும் சிற்றூரின் வறிய குடும்பத்திலிருந்து வந்த நம் சுசந்திகா ஜயசிங்க 22.28. டங்கன் வைற் 1948 இல் இலண்டனில் வென்ற வெள்ளிக்குப் பின் 52 ஆண்டுகள் காத்திருந்த நாட்டுக்கு அந்த வெண்கலமே பெரும் விருந்து. யுத்தம் உச்சத்திலிருந்த காலம் அது. இருந்தும் எங்கள் வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில், லயக் காம்பறாக்களில் வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் அவர் எந்த இனத்தவர் என்று கேட்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஜோன்ஸ் உட்கொண்டது சாதாரண மருந்தன்று. கலிபோர்னியாவில் விக்டர் கொன்டே நடத்திய பால்கோ என்ற நிறுவனத்தின் வழியாக வந்த அந்தத் திரவம், அக்காலப் பரிசோதனைகளில் அகப்படாதபடி இரசாயன வடிவம் மாற்றப்பட்ட ஒரு ஸ்டீரொய்ட். நாவின் அடியில் சில துளிகள் போதும். பயிற்சியில் களைத்த தசை விரைவில் தேறும். மறுநாள் மேலும் கடுமையாகப் பயிற்சி செய்யலாம். 2003 இல் பயிற்றுநர் ஒருவர் பெயர் சொல்லாமல் அனுப்பிய ஒரு ஊசிக்குழாயில் எஞ்சியிருந்ததை ஆராய்ந்த பின்னரே இப்படியொரு பொருள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. அதுவரை, ஏன் அதற்குப் பின்னரும், "நான் எந்தப் பரிசோதனையிலும் தோற்கவில்லை" என்பதே ஜோன்ஸின் கேடயம். அது ஆளி விதை எண்ணெய் என்றே தமக்குச் சொல்லப்பட்டதாகப் பின்னர் கூறினார். உலகின் அதிவேகப் பெண்மணி தம் நாவின் கீழ் விடும் துளி இன்னதென்று விசாரிக்கமாட்டாரா? நம்புபவர்கள் நம்பட்டும்.

இதற்குள் ஒரு முரண் உண்டு. ஜோன்ஸ் சந்தேகமற்றவராக உலகை வலம் வந்த அதே காலத்தில், சந்தேகத்தைச் சுமந்தவர் சுசந்திகா. 1998 இல் அவர்மீது நண்ட்ரலோன் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் பெயரில் ஒட்டிய கறையை விடுதலைக் கடிதம் முழுதாகக் கழுவுவதில்லை. தசை திரண்ட ஒரு கிராமத்துப் பெண் வேகமாக ஓடினால் "மருந்தாக இருக்கும்" என்று முணுமுணுக்க நம் ஊரிலேயே ஆட்கள் இருந்தார்கள். இரகசியமாக மருந்தெடுப்பவர்கள் செய்யும் இரண்டாவது களவு இது. அவர்களால் எல்லா வெற்றியும் ஐயத்துக்குரியதாகிவிடுகிறது.

2009 டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கங்களை மறுபங்கீடு செய்தது. 200 மீற்றரில் டேவிஸ் தொம்சனுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, நான்காவதாக வந்த ஜமைக்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். 100 மீற்றரில் தங்கம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. இரண்டாவதாக வந்த கிரேக்கத்தின் கத்தரீனா தானு, 2004 இல் பரிசோதனைக்குச் சமுகமளிக்காத விவகாரத்தில் சிக்கியவர் என்பதே காரணம்.

சரி, நீதி கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடலாமா? தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு. முன்னால் எவராலும் எட்டமுடியாத தூரத்தில் ஒருவர் பறந்துகொண்டிருக்கும்போது ஓடிய ஓட்டம் அது. அவர் இல்லாத பாதையில், தங்கம் கைக்கெட்டும் தொலைவில் தெரிய, சுசந்திகா எப்படி ஓடியிருப்பார்? பதக்கத்தை மாற்றலாம், ஓட்டத்தைத் திரும்ப ஓடவைக்க இயலாது. மேடையின் இரண்டாம் படியில் நின்றிருக்கவேண்டிய அந்தச் சில நிமிடங்களையும், அதைக் கண்டு வந்திருக்கக்கூடிய விளம்பர ஒப்பந்தங்களையும் எந்தத் தீர்மானமும் மீட்டுத் தராது. 2017 இல் தமது பதக்கத்தையே விற்கப் போவதாக அவர் அறிவிக்கும் நிலை வந்தது. வறிய நாட்டு வீரர்களுக்கு ஓர் ஆண்டின் தாமதமே பெரிது.

வறுமையைச் சொல்லிக் குற்றத்தை மன்னிக்கலாமே என்பார்கள். தமிழகத்தின் கோமதி மாரிமுத்து 2019 இல் தோகாவில் நடந்த ஆசியப் போட்டியில் 800 மீற்றர் தங்கத்தை வென்றபோது உலகத் தமிழரெல்லாம் கொண்டாடினோம். 2020 இல் அதே நண்ட்ரலோன் வகை ஸ்டீரொய்டுக்காக அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டபோது, "ஏழைப் பெண்ணை ஏமாற்றிவிட்டார்கள்" என்றோ மௌனமாகவோ கடந்துபோனோம். அவருக்கு அடுத்ததாக ஓடிவந்த பெண்ணின் பெயரை நம்மில் எத்தனைபேர் தேடிப் பார்த்தோம்? அவரும் எவ்வளவோ இன்னல்களைத் தாண்டித்தானே அந்த இடத்துக்கு வந்திருப்பார்?

எங்கள் மலைகளில் நூறு மீற்றர் சமதரை கிடைப்பதே அரிது. மழை பெய்தால் வட்டவளையில் மைதானம் சேறு. அங்கிருந்து மாகாண மட்டம்வரை ஓடிவரும் பிள்ளையிடம் எவரோ ஒருவர் ஒரு டப்பாவை நீட்டி, "இது வெறும் சத்துமாவு" என்பார். விதியோ கடுமையானது. உடலில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு ஓடியவருடையது. தெரியாது என்ற பதில் தண்டனையைக் குறைக்கலாமே தவிர முடிவை மாற்றாது. தோட்டப் பாடசாலைகளுக்குக் காலணி வாங்கிக் கொடுக்கும் புலம்பெயர்ந்த நண்பர்கள் எனக்கு அவ்வப்போது எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலணிப் பெட்டிக்குள், தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலைத் தெளிவான தமிழில் அச்சடித்த ஒரு தாளையும் வைத்து அனுப்புங்கள். பிள்ளைக்கு மட்டுமன்று, விளையாட்டு ஆசிரியருக்கும் ஒன்று.