பொருளுள்ள வேலை யாருக்கு?

மொழியியலில் முதுகலை முடித்து ஆய்வுத் திட்டங்களில் ஒப்பந்தப் பணியாளராகச் சேர்வோருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது எழுத்துப்பிழை திருத்தலும் கோப்பு மாற்றலும்தான். மாதச் சம்பளம் வருகிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதே என் கருத்து.

முனைவர் பட்ட ஆய்வுக்கு வருமுன், வட இந்திய நகரொன்றில் மொழித்தரவு அலுவலகம் ஒன்றில் ஒன்றரை ஆண்டு அவ்வேலையையே செய்தேன். சோர்வுக்குக் காரணம் வேலைப்பளு அன்று; நான் இல்லாவிட்டாலும் எதுவும் மாறாது என்ற உணர்வு. பின்னர் மூத்த ஆய்வாளர் ஒருவர் நீண்ட விடுப்பில் சென்றபோது, அவருடைய பணி என்னிடம் வந்தது. பேச்சுப் பதிவுகளைக் கேட்டு, இரண்டு வட்டாரங்களில் இரண்டு பெயர்களால் வழங்குவது ஒரே மொழியா, வேறு மொழிகளா என்று குறிப்பு எழுத வேண்டும். ஊதியம் உயரவில்லை, நாற்காலிகூட மாறவில்லை. ஆனால் வினை விகுதிகளையும் அடிப்படைச் சொற்களையும் ஒப்பிட்டு நான் எடுத்த முடிவுக்கு நானே காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கற்ற கல்விக்கு அன்றுதான் பயன் கிடைத்தது.

இத்தகைய முடிவுகள் அற்பமானவை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. ஆய்ந்து வகுத்தபின் அவை 1,369 தாய்மொழிகளாயின. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவையாக ஒதுக்கப்பட்டன. போஜ்புரி எனப் பதிந்த 5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியின் கணக்கில் அடங்கினர். 10,000 பேரை எட்டாத மொழிகள் மொழிப்பட்டியலில் தனிப்பெயர் பெறுவதில்லை. ஒரு பெயரை எதனோடு சேர்ப்பது என்பது வெறும் எழுத்தர் வேலை அன்று. ஒரு சமூகம் எண்ணிக்கையில் தென்படுமா, மறையுமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

இதைத் தீர்மானிக்கப் பயின்றவர்களைத் தட்டச்சுக்கு மட்டும் அமர்த்துவது அவர்களுக்கும் இழப்பு, ஆய்வுக்கும் இழப்பு. இளையவர்கள் தவறிழைப்பார்கள் என்பது நியாயமான அச்சமே. ஆனால் அதற்கு மருந்து மூத்தோரின் மேற்பார்வை. வேலையையே மறுப்பது அன்று.

திட்டங்களுக்குத் தலைமை ஏற்கும் பேராசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஒவ்வொரு பணியாளருக்கும் சிறியதாயினும் ஓர் ஆய்வுக் கேள்வியை முழுமையாக ஒப்படையுங்கள், அவர் எழுதும் குறிப்பில் அவர் பெயரே இருக்கட்டும். எனக்கு அது கிடைக்க இன்னொருவர் விடுப்பில் செல்ல வேண்டியிருந்தது. அடுத்து வருவோருக்கு அது பணி நியமனத்தோடே கிடைக்கட்டும்.