பழுத்தலும் பழமையும்: கபிலரின் சுனை முதல் பெல்ஜியத்துச் செர்ரி பீர் வரை

அகநானூற்றின் இரண்டாம் பாட்டில் கபிலர் காட்டும் மலைச்சாரலில் ஒரு பாறைச்சுனை உண்டு. முற்றிய வாழைக்கனியும் பலாச்சுளையும் அதில் உதிர்ந்து, எவர் கையும் படாமல் தாமே தேறலாகின்றன. அறியாமல் அதைக் குடித்த கடுவன், அருகே மிளகுக்கொடி படர்ந்து நிற்கும் சந்தன மரத்தில் ஏறமாட்டாமல் பூக்களின்மேல் கிடந்து உறங்குகிறது. சந்தனமும் மிளகும் பலாவும் சேர்ந்து விளையும் நிலத்தை இன்று தேடுவோர் இடுக்கியின் மறையூர்ப் பக்கம் போகலாம். (கபிலர் மறையூரைத்தான் பாடினார் என்று இதனால் ஆகிவிடாது. உள்ளூர்ப் பெருமை பேசுவோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.)

அந்தச் சுனைக்கு இன்றைய உலகில் மிக நெருங்கிய உறவு பிரசெல்ஸ் நகரையும் அதன் தென்மேற்கேயுள்ள பயோட்டன்லாந்தையும் சேர்ந்த லாம்பிக் பீர். வாற்கோதுமையும் முளைகட்டாத கோதுமையும் கொதித்த சாற்றை அகன்ற தொட்டியில் இரவு முழுதும் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் ஓக் பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்கின்றன. லிட்டருக்கு 200 கிராமும் அதற்கு மேலும் புளிப்புச் செர்ரி ஊறினால் அது கிரீக்; ராஸ்பெரி ஊறினால் ஃப்ராம்புவாஸ்.

இந்தப் பழ லாம்பிக் பற்றி நிலவும் ஒரு நம்பிக்கை, ஆண்டு ஏற ஏறச் சுவையும் ஏறும் என்பது. இது பாதி உண்மை. முதல் ஆண்டில் பழம் முன்னே நிற்கிறது: நிறமும் மணமும் புளிப்பும் கூர்மையாக இருக்கும். பின்னர்ச் சிவப்பு மங்கிச் செங்கல் நிறம் படிகிறது. ராஸ்பெரியின் மணம் விரைவாக விலகிவிடுகிறது. செர்ரி சற்றுத் தாக்குப்பிடிக்கும். அதன் கொட்டையிலிருந்து இறங்கும் பாதாம் மணம் பழச்சுவை தேயும்போது மேலெழுகிறது. பிரெட்டனோமைசிஸ் என்னும் மந்த கதி ஈஸ்ட் எஞ்சிய சர்க்கரையை உண்டு, தொழுவமும் தோலும் நினைவுக்கு வரும் ஒரு மணத்தைக் கூட்டுகிறது. ஐந்தாண்டு கழித்துத் திறப்பவருக்குக் கிடைப்பது நல்ல பானமாக இருக்கலாம், ஆனால் அது பழ பீராக இராது. இனிப்பூட்டிப் பாஸ்டர் முறையில் சூடாக்கி அடைத்த புட்டியில் இந்த மாற்றமும் இல்லை. உயிர் எதுவும் எஞ்சாத அதில் உயிர்வளி மட்டும் வேலை செய்து, நனைந்த காகிதத்தின் சுவையைத் தந்துவிடும்.

தமிழ் இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர் (புறநானூறு 120) மண்ணில் புதைத்த மதுவுக்கு ஆளும் வினை ‘பழுநுதல்’. சுனைத் தேறலுக்கு அவர் சொல்வது ‘விளைதல்’. பெரும்பாணாற்றுப்படை, முளையிட்டுச் சாடியில் வடித்த அரிசிக் கள் ‘வழைச்சு’ நீங்கும்வரை இரு பகலும் இரு இரவும் காத்திருக்கிறது. வழைச்சு என்பது புதுமையின் பச்சைத்தன்மை. அது போவதே இலக்கு. இரண்டு நாள் போதும் என்றால் இரண்டே நாள். பழு, விளை இரண்டும் கனிக்கும் பயிருக்கும் உரிய வினைகள். இரண்டிலும் உரிய பருவம் என்ற ஒன்று உண்டு. ‘பழமை’யில் அது கிடையாது. திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் பழு, பழ இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைக்கிறது. சங்கத் தேறலைப் பற்றி எழுதும் கட்டுரைகள் இவ்விரண்டையும் குழப்பி, பழந்தமிழர் பழைய மதுவை விரும்பினர் என முடிப்பது ஆய்வுச் சோம்பல்.

பாலக்காட்டுச் சித்தூரில் இந்தக் குழப்பம் பிழைப்பைத் தொடுகிறது. கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குக் கள் போவது பெரும்பாலும் இந்த எல்லைப்புறத் தென்னந்தோப்புகளிலிருந்துதான். பதநீரில் சர்க்கரை ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு. புளிப்பு மரத்திலேயே, கலயத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்தச் சர்க்கரை முழுதும் மாறினால் கணக்குப்படி 8 முதல் 10 விழுக்காடு ஆல்ககால் கிடைக்கும். 2002-ஆம் ஆண்டுக் கேரள விதிகள் தென்னங்கள்ளுக்கு வகுத்த எல்லை 8.1. காலையில் விதிக்குள் இருந்த கள், எவரும் எதையும் சேர்க்காமலே அந்தியில் எல்லையைத் தொடக்கூடும். கலந்தது ஸ்பிரிட்டா, காலமா என்பதை அந்த ஒற்றை எண் பிரித்துக் காட்டாது. ஒரு நாள் கடந்தால் அசெட்டிக் பாக்டீரியா கள்ளைக் காடியாக்கத் தொடங்குகிறது. லாம்பிக்கின் காப்பான ஹாப்ஸும், மெல்லக் கரையும் மாச்சர்க்கரையும், மூடிய பீப்பாயும் கள்ளுக்கு இல்லை.

எல்லைக்கு இப்பால் நிலைமை இன்னும் விசித்திரம். தமிழ்நாட்டில் 1987 சனவரி முதல் கள்ளுக்குத் தடை. பீரை விற்பதோ அரசின் டாஸ்மாக். கள்ளின் முதிர்ச்சியை அளக்க விரும்பும் பொள்ளாச்சி மாணவர் முதலில் மாநில எல்லையைக் கடக்க வேண்டும்.

கேரளம் 2022-இல் பழ ஒயினுக்கான சிறு ஆலை விதிகளை வகுத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகமும் வாழை, அன்னாசி, முந்திரிப்பழம் ஆகியவற்றில் ஒயின் செய்தது. கள் அந்த விதிகளில் இல்லை, அதற்குத் தனிச் சட்டகம். முதலமடை மாந்தோப்புகள் சித்தூர்க் கள்ளின் பக்கத்திலேயே இருக்கின்றன. காந்தளூரில் பிளம் விளைகிறது. மாம்பழம் ஊறிய கள்ளை மூடிய மரப்பீப்பாயில் மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என வைத்து, ஒவ்வொரு தவணையிலும் பழ மணம் எவ்வளவு நிற்கிறது, புளிப்பு எங்கே திரும்புகிறது எனப் பதிவு செய்ய ஒரு நுண்ணுயிரியல் துறையும் நான்கு மரமேறிகளும் போதும். சுவைக்குப் பெயரிடும் வேலைக்கு மொழியியலாரையும் அழைக்கலாம். ‘வழைச்சு’ வேறு எவருக்கும் உதவாமல் அகராதியில் கிடக்கிறது.