துவக்கைக் கொடுத்தால் துண்டை வாங்குங்கள்

வியாபாரப் பக்கத்தில் துவக்கைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் கேட்கலாம். வன்னியில் கடை வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வி வராது. நான் வவுனியாவில் விதை, பசளை, கிருமிநாசினி விற்கிறேன். காலபோகத்துக்குக் கடனாகக் கொடுத்தால் அறுவடை முடிந்துதான் காசு திரும்பும். இடையில் ஓரிரவு பன்றிக் கூட்டம் கச்சான் தோட்டத்தில் இறங்கினால், விவசாயிக்கு விழும் அடி எனது கடன் கொப்பியிலும் விழும். அவர் கையிலுள்ள சொட்கன் எனது முதலுக்கும் காவல்தான்.

அண்மைக் காலமாகக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "முதலாளி, எங்கட துவக்கையும் எடுப்பாங்களோ?"

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. முதலில் கொடுத்த தவணை நவம்பர் 7. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம் வெலிசர கடற்படை முகாம். பிறகு 2025 பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் ஆளைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் நாட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்று பேசாதவர் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2024 உத்தரவு தற்பாதுகாப்புத் துப்பாக்கிகளுக்கு உரியது. பயிர்ப் பாதுகாப்புக்கான சொட்கன் வேறு. அதன் அனுமதி மாவட்டச் செயலகத்தின் ஊடாக வருவது. ஆனாலும் இன்று பிஸ்டலுக்கு வந்தது நாளை சொட்கனுக்கும் ரைபிளுக்கும் வராது என்று யாரால் சொல்ல முடியும்? வருவதற்கு முன் யோசிப்பதுதான் வியாபாரியின் புத்தி.

நான் கட்டுப்பாட்டுக்கு எதிரானவன் அல்ல. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவன். அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள் அப்படியான துப்பாக்கிகளைத் தடை செய்தது. 119 பேர் ஆதரவு, ஒரேயொருவர் எதிர்ப்பு. அதைக் கேட்டு மனம் ஆறாத முஸ்லிம் யார்?

ஆனால் அந்தத் தடையோடு அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை நாம் கவனிப்பதில்லை. துப்பாக்கியைக் கொடுத்தவருக்கு அரசாங்கம் விலை கொடுத்தது. புதிதுபோல் இருந்தால் அடிப்படை விலையில் 95 வீதம், பாவித்ததென்றால் 70 வீதம், பழுதென்றால் 25 வீதம். 2019 டிசம்பர் 20 வரை தவணை. 50,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அவுஸ்திரேலியாவும் 1996இல், போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, இதைத்தான் செய்தது. ஒரு வருடத்துக்கு மருத்துவ வரியை 0.2 வீதம் கூட்டி, அந்தக் காசில் சுமார் 6½ இலட்சம் துப்பாக்கிகளை வாங்கியது. செலவை நாடே பங்கு போட்டுக்கொண்டது. சட்டப்படி வைத்திருந்தவர் தலையில் மட்டும் கட்டவில்லை.

நமது நிலை என்ன? 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் 31க்குள் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதைத் தவறாமல் செய்கிறவரின் பெயர், விலாசம், துவக்கின் இலக்கம் எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கிறது. இடியன் துவக்கு வைத்திருப்பவனின் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை. காட்டோரம் கட்டுத்துவக்குக் கட்டுகிறவனுக்கும், பாதாளக் கோஷ்டிக்கும் அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆக, தடை என்று வந்தால் முதல் நாளே வெறுங்கையாகிறவர் சட்டத்தை மதித்தவர். மதித்ததற்கே நட்டம் என்றால், அடுத்த தலைமுறை அனுமதி கேட்டுப் போகுமா? இடியனைத்தான் தேடும்.

எனக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. எங்கள் பூர்வீகம் முல்லைத்தீவு, தண்ணீரூற்று. வாப்பாவிடம் வயல் காவலுக்கு இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. நாட்டு நிலைமை கெட்டபோது அவர் அதைத் தானே கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்தார். கையால் எழுதிய ஒரு துண்டு கொடுத்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, அந்தத் துண்டு வீட்டு அலுமாரிக்குள் கிடந்தது; நாங்கள் பையோடு புத்தளம் போனோம். பிறகு கேட்டுப் போனால், "துண்டு எங்கே?" என்றார்கள். துவக்கும் இல்லை, விலையும் இல்லை. வாப்பா மௌத்தாகும்வரை சொன்னது ஒன்றுதான்: "ஒளிச்சு வச்சவன் இழக்கல்ல, கொடுத்த நான்தான் இழந்தேன்."

ஆகவே அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒப்படைக்கும் ஒவ்வொரு துவக்குக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. அதன் பிரதி மாவட்டச் செயலகத்திலும் இருக்க வேண்டும். திருப்பித் தராவிட்டால் நியாயமான விலை. மூன்றாவது, அந்தத் துவக்கு செய்த வேலைக்கு மாற்று. யானைக்கு வனஜீவராசிகள் திணைக்களம் யானை வெடி கொடுக்கிறது. பன்றிக்கும் குரங்குக்கும் என்ன? 2025 மார்ச் 15இல் ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கையும் மயிலையும் எண்ணினோம். எண்ணினால் மட்டும் கச்சான் மிஞ்சாது. வேலிக்கு உதவியும், பயிரழிவுக்கு உரிய நேரத்தில் நட்டஈடும் வேண்டும்.

நமது பக்கத்திலும் கடமை உண்டு. புதுப்பிக்கும் தவணையைத் தவறவிடாதீர்கள். அனுமதி ஆளுக்கு உரியது. வேலையாளுக்கோ மச்சானுக்கோ இரவல் கொடுக்காதீர்கள். வாப்பா மௌத்தானால் அவருடைய அனுமதி மகனுக்குத் தானாக வராது; வீட்டில் வைத்திருந்தால் குற்றம். அனுமதிப்பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் இரண்டு மூன்று பிரதி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். காசு கொண்டுபோகப் பிஸ்டல் வேண்டும் என்கிற வியாபாரிகளுக்கும் ஒரு சொல்: வங்கியூடாக அனுப்பினால் காசும் பத்திரம், நீங்களும் பத்திரம்.

அரசாங்கம் கேட்டால் துவக்கைக் கொடுப்போம். ஆனால் கொடுத்தது அமானிதம். துண்டில்லாமல் ஒரு மூடை பசளையைக்கூட நாம் கைமாற்றுவதில்லை. துவக்கை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?