"ஹார்வர்டுக்கு டிரான்ஸ்பர், ரூ.15 லட்சம்!" மண்ணடி வியாபாரியிடம் பேரம்: பையனுக்கு உண்மையில் சான்ஸ் எவ்வளவு?

சென்னை மண்ணடியில் இரும்பு சாமான் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், நேற்று முன்தினம் மாலை நம்மைத் தேடி வந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். முகத்தில் குழப்பம்.

போலீசுக்குப் போவதா, பாங்கிக்குப் போவதா என்று அவருக்கே தெரியவில்லை!

அவருடைய மகன் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறான். பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கும் கல்லூரி அது. மீதி இரண்டு வருடத்துக்கு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். பையன் ஒரு வருடம் முடித்துவிட்டான். கம்ப்யூட்டர் படிக்க ஆசை. மார்க் 4க்கு 3.7. ('ஏ' வாங்கினால் 4, 'பி' வாங்கினால் 3 என்று போட்டு, சராசரி எடுப்பது அங்கே வழக்கம்.)

இந்த நேரத்தில்தான் ஏஜெண்டு ஒருவர் கடைக்கு வந்திருக்கிறார்.

"15 லட்சம் எடுத்து வைங்க. பையனை ஹார்வர்டுக்கே மாத்தித் தர்றேன். உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்றாராம்.

முன்பணமாக ரூ.50 ஆயிரம் கைமாறியும் விட்டது. மடித்து வைத்திருந்த காகிதம் அதற்கான ரசீதுதான். அதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டுமே எழுதியிருந்தது. ஹார்வர்டு என்ற பேச்சே இல்லை. இதை வைத்துக்கொண்டு போலீசுக்குப் போனால், "ஆலோசனைதானே சொன்னேன், சொல்லிட்டேனே" என்று ஏஜெண்டு கையை விரித்து விடுவார்.

"தம்பி, போலீஸ் கிடக்கட்டும். இது நடக்குமா நடக்காதா, அதைச் சொல்லுங்க. நடக்கும்னா கடை மேல கடன் வாங்கிடறேன்" என்றார் அவர்.

அண்ணாச்சிக்குச் சொன்ன கணக்கு இதுதான்.

இரண்டு ஜனாதிபதிகள்

காலேஜ் மாறுவது அமெரிக்காவில் கள்ளத்தனம் இல்லை. நம்ம ஊரில் பாதிப் படிப்பில் வேறு கல்லூரிக்கு மாறுவது குதிரைக் கொம்பு. அங்கே அது சகஜம்.

ஒபாமா முதலில் சேர்ந்தது ஆக்சிடென்டல் என்ற சின்னக் கல்லூரியில். 1981ல்தான் நியூயார்க்கின் கொலம்பியாவுக்கு மாறினார். டிரம்பும் அப்படியே. போர்டாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, 1966ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

ஏஜெண்டுகள் இந்தக் கதையைத்தான் முதலில் எடுத்து விடுவார்கள். கதை நிஜம். ஆனால் எந்தக் கதவு, அதில் எத்தனை பேர் நுழையலாம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

12 சீட்டு!

ஹார்வர்டில் இப்படி மாறி வருபவர்களுக்குக் கிடைப்பது வருடத்துக்குச் சராசரியாக 12 இடம். பன்னிரண்டே பன்னிரண்டு! கேட்டு நிற்பவர்களோ ஆயிரக்கணக்கில்.

ஏன் இவ்வளவு கம்மி? உள்ளே சேர்ந்தவன் பாதியில் போவதில்லை. ஒருவன் போனால்தானே இன்னொருவனுக்கு இடம்? ஹாஸ்டலிலும் இடம் வேண்டும். 2008ல் விடுதியில் இடமில்லை என்று சொல்லி, மாறி வருபவர்களைச் சேர்ப்பதையே ஹார்வர்டு இரண்டு வருடம் நிறுத்தி வைத்தது.

பிரின்ஸ்டன் இன்னும் மோசம். 1990 முதல் கதவையே பூட்டி வைத்திருந்தார்கள். 2018ல் திறந்தார்கள். மனுப் போட்டவர்கள் 1,429 பேர். இடம் கிடைத்தது 13 பேருக்கு!

இங்கெல்லாம் காலேஜ் மார்க்கோடு பிளஸ் டூ மார்க்கையும் பார்ப்பார்கள். வாத்தியார்கள் கடிதம் தரவேண்டும். 3.7 என்பது அந்தக் கூட்டத்தில் சாதாரணம். மனுப் போடுவதில் தப்பில்லை, லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி. ஆனால் லாட்டரிக்காக யாராவது கடையை அடகு வைப்பார்களா?

'உள்ளே ஆள்' கதையும் பழசுதான். 2007ல் ஓர் இளைஞர் வேறொரு பிரபல கல்லூரியின் மார்க் பட்டியலைத் தானே தயாரித்து, ஹார்வர்டுக்குள் நுழைந்து விட்டார். இரண்டு வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரிய ஸ்காலர்ஷிப்புக்கு மனுப் போட்டபோது குட்டு உடைந்தது. 2010ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வாங்கிய 45,806 டாலரைத் திருப்பிக் கட்டு, பத்து வருடம் ஒழுங்காக இரு என்று தீர்ப்பு. அதற்குப் பிறகும் வேலைக்கான மனுவில் ஹார்வர்டு பெயரைப் போட்டு, 2011ல் சிறைக்குப் போனார்!

எழுதி வைத்த வாக்கு

அண்ணாச்சியின் பையன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு கதவு இருக்கிறது. அதைப் பற்றி ஏஜெண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் அவருக்குக் கமிஷன் இல்லை!

கலிபோர்னியா மாநிலம் 1960ல் ஒரு திட்டம் போட்டது. நல்ல மார்க் வாங்கியவர்கள் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். மற்றவர்கள் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் இரண்டு வருடம் படிக்கட்டும், நன்றாகப் படித்தால் மூன்றாம் வருடம் பல்கலைக்கழகம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. இன்றைக்கும் அந்த ஏற்பாடு நடக்கிறது.

புகழ்பெற்ற யு.சி.எல்.ஏ.வையே எடுத்துக்கொள்வோம். பள்ளியை முடித்து நேராக மனுப் போட்டால் பத்தில் ஒருவருக்கும் கிடைப்பது கஷ்டம். காலேஜ் மாறி வருபவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது. அப்படி வருபவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அதே மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்காரர்கள்.

இன்னொரு பெரிய சலுகையும் உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு ஊர்களில் உள்ள பல்கலைக்கழகங்கள், 'இந்தப் பாடங்களை இந்த மார்க்கோடு முடித்தால் இடம் நிச்சயம்' என்று எழுதியே கொடுக்கின்றன. கேட்கிற மார்க் பொதுவாக 3.5க்குள்தான். ஆறில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும், முந்தின வருடம் செப்டம்பர் மாதத்தில் மனுப் போடவேண்டும். கட்டணம் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர்தான் சிக்கல்

இங்கேதான் அண்ணாச்சி முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தை வாட வைப்பது நமக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அந்த எழுத்து வாக்கு எல்லாப் படிப்புக்கும் கிடையாது. கம்ப்யூட்டருக்குக் கூட்டம் தாங்கவில்லை என்று பல ஊர்களில் அதை விலக்கி வைத்திருக்கிறார்கள். யு.சி.எல்.ஏ., பெர்க்லி இரண்டிலும் மாறி வருபவர்களில் கம்ப்யூட்டர் கிடைப்பது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அவர்கள் மார்க்கும் 4ஐ ஒட்டி நிற்கும். வேறு பாடத்தில் உள்ளே போய்விட்டு, பிறகு கம்ப்யூட்டருக்குத் தாவிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால் அநேகமாக ஏமாற்றம்தான்.

கணக்கோ புள்ளியியலோ எடுத்தால் கதவு அகலமாகிறது. அதைப் படித்தவர்களையும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வேலைக்கு எடுக்கத்தான் செய்கின்றன.

மார்க்கை விடப் பெரிய ஓட்டை இன்னொன்று. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை முன்கூட்டியே முடித்திருக்கச் சொல்கிறது என்று தனித்தனிப் பட்டியல் உண்டு. காசு கொடுக்காமலே யாரும் பார்க்கலாம். பட்டியலில் ஒரு பாடம் குறைந்தாலும், 3.9 வாங்கியவனே வெளியே நிற்பான். பையன் கணக்கை முடித்துவிட்டானாம். பிசிக்ஸ் முடித்தானா என்று கேட்டோம். அண்ணாச்சிக்குத் தெரியவில்லை.

பணம்... பணம்...

இதையும் ஏஜெண்டு சொல்லவில்லை. அந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், விசாவில் போன பிள்ளைக்கு வேறு கட்டணம். வெளியூர்க்காரர் என்பதற்காக மட்டும் வருடத்துக்கு 30 ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டவேண்டும். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் வருடச் செலவு 75 ஆயிரம் டாலருக்குக் குறையாது. இரண்டு வருடத்துக்கு நம்ம பணத்தில் ஒரு கோடியைத் தாண்டுகிறது!

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை.

சான் ஹோசே மாதிரி ஊர்களில் 'ஸ்டேட் யுனிவர்சிட்டி' என்று இன்னொரு வகை உண்டு. அங்கே பாடக் கட்டணம் இதில் பாதிகூட வராது. கம்ப்யூட்டருக்கு அங்கேயும் போட்டிதான். பெயருக்கு ஹார்வர்டு பளபளப்பு இல்லை. ஆனால் நம் கணக்குப்படி, இந்தப் பையனுக்கு முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

வாத்தியாரே இல்லாத பல்கலைக்கழகம்

ஏஜெண்டு பேச்சைக் கேட்டு மாறினால் போவது பணம் மட்டும் அல்ல.

டெட்ராயிட் நகரை ஒட்டி 'பார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்று ஒன்று இருந்தது. வெப்சைட் உண்டு. அரசாங்கப் பட்டியலிலும் பெயர் உண்டு. வாத்தியார் கிடையாது, வகுப்பு கிடையாது! விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்க குடியேற்ற அதிகாரிகளே நடத்திய பொம்மைக் கல்லூரி அது. வேறு கல்லூரிகளில் இருந்து பல மாணவர்கள் அங்கே மாறினார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் எட்டுப் பேர்.

2019 ஜனவரியில் வலையை இழுத்தார்கள். முதல் சுற்றில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். "அரசாங்கப் பட்டியலை நம்பித்தானே சேர்ந்தோம்" என்று அழுதவர்களும் உண்டு. எட்டு ஏஜெண்டுகளும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மாணவர்கள் பலர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

மாணவர் விசாவில் இருப்பவர் காலேஜ் மாறினால், அவருடைய பதிவும் பழைய கல்லூரியில் இருந்து புதியதற்கு முறைப்படி மாறவேண்டும். அதைச் செய்து தருவதற்குப் பழைய கல்லூரியிலேயே அதிகாரி இருக்கிறார். அவரைப் பார்க்கக் காசு வேண்டாம்.

அண்ணாச்சி நம் எதிரிலேயே மகனுக்குப் போன் போட்டார். அங்கே விடிகாலை. பையன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"ஏலே, பிசிக்ஸ் முடிச்சிட்டியா?"

"இல்லப்பா, அடுத்த செமஸ்டர்தான். ஏன், ஹார்வர்டுக்குப் பிசிக்ஸ் கேக்குறாங்களா?"

"ஹார்வர்டு கிடக்கட்டும். செப்டம்பர்ல என்னமோ மனு போடணுமாம். காலேஜ்ல போயி விசாரி" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ரூ.50 ஆயிரத்தைத் திருப்பிக் கேட்க, இன்று அந்த ஏஜெண்டு ஆபீசுக்குப் போகிறாராம். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.