பன்னிரண்டு பேட்டிகள் பண்புசார் ஆய்வு ஆகிவிடாது

பண்புசார் ஆய்வுக்கான தொடக்கநிலைப் பயிலரங்குகளில் மாணவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: எத்தனை பேரைப் பேட்டி எடுக்க வேண்டும்? "பன்னிரண்டு" என்ற விடையும் ஆயத்தமாக இருக்கிறது. எண்ணுக்கு அஞ்சி இத்துறைக்கு வந்த மாணவர் முதல் வகுப்பிலேயே மீண்டும் எண்ணிடம் ஒப்படைக்கப்படுகிறார்.

அந்தப் பன்னிரண்டின் பிறப்பையாவது சொல்லித்தர வேண்டாமா? கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரை அது. மேற்கு ஆப்பிரிக்காவின் இரு நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களில், குறியீடுகளின் பெரும்பகுதி முதல் 12-க்குள்ளேயே கிடைத்துவிட்டதென அவர்கள் கண்டனர். ஓரளவு ஒரே தன்மையுடைய குழுவிடம், ஒரே வகைக் கேள்விகளைக் கேட்டதால் கிடைத்த முடிவு அது என்று அவர்களே எச்சரித்தும் இருந்தனர். அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோய், எண் மட்டும் சூத்திரமாக நிலைத்துவிட்டது.

பண்புசார் ஆய்வு எதைக் காணவல்லது என்பதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கு, ஆண்டுதோறும் புனேயின் விஷ்ராந்த்வாடி வழியாகவே நகருக்குள் நுழைகிறது. அதற்கு அருகில் எரவாடாவில் உள்ள டெக்கான் கல்லூரியில் 1939 முதல் பணியாற்றியவர் இராவதி கர்வே. பெர்லினில் மண்டையோடுகளை அளந்து முனைவர் பட்டம் பெற்றவர். அளவையின் வலிமையை நன்கறிந்தவர். அவர் பண்டரிபுர யாத்திரையில், திண்டி எனப்படும் பாடிச்செல்லும் குழு ஒன்றுடன் நடந்தார். மராத்தியில் எழுதிய அந்த அனுபவக் கட்டுரை 1962-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பகலெல்லாம் ஒரே பாடலைப் பாடி நடந்த அந்தத் திண்டியில் பிராமணரும் மராட்டியரும் தனித்தனியே உண்டனர். கர்வே இரு பக்கத்திலும் உண்டார். மராட்டியப் பெண்களோடு அமர்ந்து உண்ட பிறகுதான் அவர்கள் அவருடைய கையைப் பற்றிக்கொண்டு நடந்து, தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினர். "யாத்திரையில் சாதி பார்ப்பதுண்டா?" என்று வழியோரம் நிறுத்திக் கேட்டிருந்தால், இறைவன் முன் அனைவரும் சமம் என்ற விடையே கிடைத்திருக்கும். அந்த விடை பொய்யன்று. ஆனால் அடுப்புகள் வேறாக இருந்தன. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான அந்த இடைவெளியே பண்புசார் ஆய்வின் களம். அறுபது நிமிட ஒலிப்பதிவு எத்தனை இருந்தாலும், சொல்லை மட்டும் சேர்ப்பவருக்கு அந்த இடைவெளி புலப்படாது.

அந்தச் சொல்லையாவது நாம் காப்பாற்றுகிறோமா? பேட்டி தமிழிலோ மராத்தியிலோ நடக்கிறது. எழுத்துப்படி நேரே ஆங்கிலத்தில் இறங்குகிறது. "நம்ம ஆளுங்க" என்று ஒருவர் சொன்னால் அது உறவினரா, ஊர்க்காரரா, சாதியினரா என்பதைப் பேச்சின் சூழலே தீர்மானிக்கும். சில வேளைகளில் பேசுபவர் வேண்டுமென்றே அதைத் தீர்மானிக்காமல் விடுவார். ஆங்கிலப் படியில் அது "கம்யூனிட்டி" ஆனதும் அந்த மௌனம் அழிந்துவிடுகிறது. பிறகு மென்பொருள் வண்ணம் தீட்டிப் பகுப்பது மக்களின் பேச்சை அன்று, மொழிபெயர்த்தவரின் ஊகத்தை. மூலமொழிப் படி இல்லாத ஆய்வேட்டில் தேர்வாளர் எதைச் சரிபார்ப்பார்?

உதவித்தொகைக்குக் காலவரம்பு உண்டு, கர்வேயைப் போல் நடக்க யாருக்கு நேரம் என்பர். நியாயமான தடைதான். அதற்கு விடை, கேள்வியைச் சுருக்குவது. அறுபது பேரை ஒருமுறை சந்திப்பதைவிடப் பன்னிரண்டு பேரை ஐந்து முறை சந்திக்கலாம்; அவர்கள் பேசாத வேளைகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம்; கண்டது எவ்வளவோ, அவ்வளவுக்கு மட்டுமே முடிவு சொல்லலாம்.

ஆகவே, தொடக்கநிலை வகுப்பு மென்பொருளிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் வாரம் மாணவரை விஷ்ராந்த்வாடிச் சந்திப்பிலோ தம் ஊர்ப் பேருந்து நிலையத்திலோ இரண்டு மணி நேரம் நிற்க வைக்கட்டும். கண்டதையும் கேட்டதையும், கேட்ட மொழியிலேயே அன்றிரவே எழுதி வரட்டும். கண்டது எது, ஊகித்தது எது என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லட்டும். அதைச் செய்ய இயலாதவருக்கு நூறு பேட்டிகளும் உதவா. எத்தனை பேர் என்ற கேள்வியை அதன் பிறகு கேட்கலாம்.