பைக்குள் கைவிட்டால் கவிதை வருமா?

கவிதை எழுதப் பழகும் மாணவருக்கு இன்று ஒரு விளையாட்டுக் கற்பிக்கப்படுகிறது. பத்திரிகைக் கட்டுரையொன்றின் சொற்களைத் தனித்தனியே வெட்டிப் பையிலிட்டுக் குலுக்கி, கைக்கு அகப்பட்ட வரிசையிலே எழுதினால் கவிதை பிறந்துவிடுமாம். மாணவன் எதனையும் தெரிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே அவன் பூரண சுதந்திரம் பெற்றுவிட்டான் என்கின்றனர். இச்சுதந்திரம் யாது என்பதையே நாம் விசாரிக்க வேண்டும்.

இம்முறை புதிதன்று. 1920இல் திரிஸ்தான் ட்சாரா வகுத்தது. அவர் சார்ந்த டாடா இயக்கம் 1916இல், முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, சூரிச் நகரிலே தோன்றியது. நாகரிகத்தின் பெயரால் இலட்சக்கணக்கான இளைஞர் பதுங்குகுழிகளிலே மடிந்துகொண்டிருந்த வேளை அது. அந்த நாகரிகத்தின் பாஷையைச் சிதைத்தமை ஓர் எதிர்ப்பு. அதற்கு இலக்கு இருந்தது. இன்றைய வகுப்பறையிலோ கத்தரிக்கோலும் பையும் எஞ்சியுள்ளன, இலக்கைக் காணோம்.

பையினுள் இல்லாத சொல் வெளியே வாராது. பத்திரிகையில் எது அச்சேறலாம் என்பதை அதன் முதலாளியும் விளம்பரக்காரரும் முன்னரே தீர்மானித்துவிடுகின்றனர். தொழிலாளியின் பசி அச்சேறாத பத்திரிகையை எத்தனை முறை வெட்டிக் குலுக்கினாலும் அப்பசி கவிதையிலே தோன்றுமா? மாணவன் தெரிவைக் கைவிட்டபோது அது மறைந்துவிடவில்லை. இன்னொருவன் கைக்கு மாறியது. இதனையா சுதந்திரம் என்பது?

விளையாட்டினால் பயனேயில்லை என நாம் கூறவில்லை. வெற்றுத் தாளைக் கண்டு அஞ்சும் மாணவனின் அச்சத்தை அது போக்கும். தேய்ந்துபோன தொடர்களைக் கலைத்துவிடும். ஒருவர் எழுதியதை மற்றவர் பாராது தொடரும் விளையாட்டை 1925 அளவிலே பாரிஸ் நகரத்து மிகையதார்த்தவாதிகள் ஆடினர். அக்குழுவினரான போல் எலுவாரும் லூயி அரகோனும் 1927இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிலே சேர்ந்தனர். பின்னர் நாசிப் படைகள் பிரான்சை ஆக்கிரமித்தபோது, 1942இல் எலுவார் சுதந்திரத்தைப் பாடிய கவிதையைப் பிரித்தானிய விமானங்கள் அந்நாட்டின்மீது தூவின. அதன் சொற்கள் குலுக்கலிலே விழுந்தவையல்ல. உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய வேளையிலே தெரிந்தெடுக்கப்பட்டவை.

மிகையதார்த்தவாதிகளை விட்டு விலகிய ரெய்மோன் கெனோ, தற்செயலுக்குப் பணிவது விடுதலையன்று, தான் அறியாத விதிகளுக்கு அடிமையாவதே என 1938இலேயே வாதித்தார். 1961இல் அவர் வெளியிட்ட நூலிலே 10 சொனெற்றுகள் உள. ஒவ்வொன்றிலும் 14 அடிகள். அடிகளை மாற்றி மாற்றி அமைத்தால் கோடி கோடி கவிதைகள் கிடைக்கும். ஆனால் எவ்வடி எங்கு பொருந்தினும் இலக்கணமும் எதுகையும் பிழைக்காதவாறு அந்த 140 அடிகளையும் யாத்தவர் அவரே. விளையாட்டின் பின்னே உழைப்பு இருந்தது.

ஆசிரியர்கள் இவ்விளையாட்டை ஆடட்டும். ஆனால் குலுக்கலோடு பாடத்தை முடித்துவிடலாகாது. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? யாருடைய சொற்கள் பையிலே இல்லை? இவற்றுள் எந்த வரிக்கு நீ பொறுப்பேற்பாய்? இம்மூன்று வினாக்களையும் கேட்கட்டும். விடை தேடும் மாணவன் சில வரிகளை அடிப்பான், சிலவற்றை மாற்றுவான், பையிலே இல்லாத ஒரு சொல்லைத் தானே எழுதிச் சேர்ப்பான். அவனுடைய கவிதைப் பயிற்சி அப்பொழுதே ஆரம்பமாகிறது.