பழகிய கையும் புதிய வண்டியும்



முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி ஓட்டிய ஒருவருக்கு இனிமேல் ஓட்டக் கற்றுக் கொடுக்க வேண்டுமா? ஓராண்டுக்கு முன் எவரேனும் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இன்று சிரிக்க மாட்டேன்.

கியரை இடக் கைப்பிடியில் முறுக்கி மாற்றும் பழைய ஸ்கூட்டர்தான் என் இளமைக் காலத் துணை. திருவண்ணாமலையின் ஒவ்வொரு தெருவும் அதற்குத் தெரியும். போளூர், செங்கம், வேட்டவலம் என்று அது என்னைச் சுமக்காத சாலை இல்லை. அது ஓய்ந்துபோன பின், வளைகுடாவில் பணிபுரியும் மகன் பணம் அனுப்பி மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கச் செய்தான். வண்டி வாசலுக்கு வந்த அன்று மருமகள், "மாமா, இரண்டு நாள் மைதானத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாலைக்குப் போங்களேன்" என்றாள். "நீ பிறப்பதற்கு முன்பே வண்டி ஓட்டியவன் நான்" என்று கூறி, மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாற்சந்தியிலேயே பாடம் தொடங்கியது. எதிரே ஆட்டோ ஒன்று திரும்பியது. வேகத்தைத் தணிக்க வேண்டும். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் இடக் கை தானாகக் கிளட்ச்சை அழுத்தியது. வலக்கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. ஆனால் இந்த வண்டியில் கிளட்ச்சும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. இடக் கையில் இருப்பது பின் சக்கரத்தின் பிரேக். பல வண்டிகளில் அதை அழுத்தினால் முன் சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும். வண்டி குலுங்கி நின்றது. மனைவி என் முதுகில் மோதினாள். அவள் கையிலிருந்த பால் தூக்கு சாலையில் உருண்டது. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் விழிப்புடன் இருந்ததால் பால் மட்டுமே சிந்திற்று.

தவறு வண்டியுடையதன்று. அறியாதவன் அஞ்சி மெதுவாகச் செல்வான். பழகியவனோ சிந்திக்காமல் ஓட்டுவான். அவனுடைய கையும் காலும் பழைய வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கும். ஆகவே புதிய வண்டியில் முதற்கடமை கற்பது அன்று, மறப்பது.

எவற்றை மறக்க வேண்டும்? என் அனுபவத்தில் கண்டவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, புறப்படும் முறை. பெட்ரோல் எஞ்சினுக்கு மெதுவாகச் சுற்றும்போது வலிமை குறைவு. அதனால்தான் ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்கி, கிளட்ச்சை மெல்ல விட்டோம். மின்மோட்டாரின் இயல்பு வேறு. நின்ற நிலையிலிருந்தே அது பெரும் இழுவிசையைத் தந்துவிடும். பழைய அளவுக்கு முறுக்கினால் வண்டி பாய்ந்துவிடும். ஒரு நூலளவு திருகினாலே போதுமானது.

இதைவிட ஆபத்தானது, வண்டி 'உயிரோடு' இருப்பது காதுக்குத் தெரியாமை. ஒருநாள் மாலை வண்டியை அணைத்துவிட்டதாக எண்ணி, வலக் கைப்பிடியைப் பற்றி வாசலுக்குள் தள்ள முயன்றேன். அது சீறிக்கொண்டு சென்று சுவரில் மோதியது. அந்தச் சுவரோரத்தில்தான் சற்று முன்வரை பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இறங்குமுன் சாவியை அணைப்பது, பிள்ளைகளை முன்னால் நிற்க வைக்காதிருப்பது, ஒருவரை ஏற்றும்போது பிரேக்கைப் பிடித்தபடியே இருப்பது ஆகிய மூன்றையும் அன்றே வழக்கமாக்கிக்கொண்டேன். பெரும்பாலான மின் ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் தடைப்படும் என்பதால் இது நல்ல காப்பு.

இரண்டாவது, வேகத்தைக் குறைக்கும் முறை. பழைய வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு நெடுந்தூரம் உருண்டு செல்வோம். பல மின் வண்டிகளில் கையைத் தளர்த்தியவுடன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அப்போது வண்டி தானாகவே தளரும். பின்னால் வருபவர் இதனை எதிர்பார்க்க மாட்டார். ஆகவே கையைச் சட்டென்று விடாமல் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். பேட்டரி முழுதும் நிறைந்திருந்தால் மின்சாரத்தை ஏற்க அதில் இடமிராது. அவ்வேளையில் சில வண்டிகளில் இந்தத் தளர்ச்சி குறைந்துவிடும். இரவெல்லாம் சார்ஜ் போட்ட வண்டி காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் நிற்பதன் காரணம் இதுவே. ஜவ்வாது மலைச் சரிவில் இறங்குவோர் இதை நினைவிற்கொண்டு, பிரேக்கையே முதலில் நம்ப வேண்டும்.

மூன்றாவது, எடை. மொபெட்டிலிருந்து மாறுபவர்களுக்கு இது முக்கியம். மொபெட்டின் சக்கரம் 16 அங்குலம். மின் ஸ்கூட்டர் பலவற்றில் 12 அங்குலந்தான். பேட்டரியின் பாரமும் சேர்ந்து வண்டி 100 கிலோவைத் தாண்டிவிடுகிறது. பாரம் காலடியில் தாழ்வாக இருப்பதால் ஓடும்போது உறுதியாக இருக்கும். ஆனால் மொபெட் ஏறிக் கடக்கும் பள்ளத்தில் சிறிய சக்கரம் இறங்கிக் குதிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வதே நலம்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய பாடத்திற்கு வருகிறேன்.

நம் ஊரின் தன்மை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அண்ணாமலையைச் சுற்றியுள்ள சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நாள்தோறும் மக்கள் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் அவர்கள் தொகை இலட்சக்கணக்கில் பெருகும். அந்நாள்களில் வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். மற்ற நாள்களில் நடப்பவரும் வண்டிகளும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். மலையை வலப்புறம் வைத்து, சாலையின் இடப்பக்கமாகவே நடப்பது அவர்கள் மரபு. நம் நாட்டில் வண்டிகள் செல்வதும் இடப்பக்கமே. எனவே அத்திசையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும் நடப்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் வருகிறது. அவருக்குக் காதுதான் கண்.

ஒருநாள் விடியற்காலை செங்கம் சாலையில் சென்றேன். முன்னால் முதிய அம்மையார் ஒருவர் தனியே நடந்துகொண்டிருந்தார். பழைய ஸ்கூட்டராக இருந்தால் நூறடி தொலைவிலேயே அதன் இரைச்சல் அவரை ஒதுங்கச் செய்திருக்கும். அந்த நினைப்பிலேயே நெருங்கிவிட்டேன். அவர் கல்லொன்றை விலக்கக் காலை வலப்பக்கம் வைத்தார். கண்ணாடி முனை அவர் புடவையை உரசியது. ஒரு சாண் தள்ளி நின்றேன். அவர் வெலவெலத்துப் போனார். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்ட என்னைப் பார்த்து, "ஏன் பாய், சத்தமே இல்லாம வந்தா நான் எப்படி ஒதுங்கறது?" என்றார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அவர் கோபித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

இத்தனை ஆண்டுகளும் எனக்காக எச்சரிக்கை செய்து வந்தது எஞ்சின். இப்போது அந்தப் பொறுப்பு என்னுடையது. மேலைநாடுகள் இதனை உணர்ந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய மாதிரி மின்கார்களுக்கும், 2021 முதல் எல்லாப் புதிய மின்கார்களுக்கும், குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் ஸ்கூட்டருக்கு அந்த ஒலியை நாமேதான் தர வேண்டும். அதற்காக முதுகருகே வந்து ஹாரனை அலற விடுவது எச்சரிக்கையன்று, அச்சுறுத்தல். தொலைவிலேயே மெல்லியதாக ஒருமுறை ஒலித்து, வேகத்தைத் தணித்து, கைக்கெட்டாத தூரம் விலகிச் செல்வதே முறை. விலக இடமில்லையேல் அவர் பின்னால் மெதுவாகச் செல்ல வேண்டும். ஒரு நிமிடம் தாமதமாவதால் யாருடைய குடியும் முழுகிவிடாது.

வெளிநாட்டு நகரங்களில் ஒற்றைச் சக்கர மின்வண்டியொன்று பரவியுள்ளது. அதில் கைப்பிடியோ இருக்கையோ வேண்டுவதில்லை. இருபுறப் படிகளில் நின்று உடலை முன்னே சாய்த்தால் ஓடும். பின்னே சாய்த்தால் தளரும். முன்பின் சமநிலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டுச் சமநிலை ஓட்டுபவர் பொறுப்பு. ஒரு வண்டியில் தேர்ந்தவர்கள்கூட, கனமும் டயர் அகலமும் வேறான புதியது வாங்கினால் மீண்டும் வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுவது வழக்கம். மோட்டாரின் சக்திக்கு மீறிச் சாய்ந்தால் அது தாங்காமல் ஓட்டுபவரை முன்னே தள்ளிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒற்றைச் சக்கரத்தார்க்கு இருக்கும் அடக்கம் இரட்டைச் சக்கரத்தார்க்கு இருக்கலாகாதா?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மின்வண்டிக்கு உரிமமே தேவையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் மேற்படாத சிறு வண்டிகளுக்கே அச்சலுகை. 'ஓசையற்ற எளிய வண்டிதானே' என்று வயது வராத பிள்ளையிடம் சாவியைத் தந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம்.

அந்த அம்மையாரைச் சந்தித்த மறுநாளே மருமகளிடம் சென்று, "எனக்குக் கற்றுக்கொடு அம்மா" என்றேன். கியர் வண்டியைத் தொட்டே அறியாதவள் அவள். மறப்பதற்கு ஒன்றும் இல்லாததால் இரண்டே நாளில் கற்றவள். பத்து நாள் காலையில் மைதானத்தில் என்னை ஓட்டவைத்தாள். ஊர்ந்து செல்வது, நேர்க்கோட்டில் நிற்பது, இடக்கையைத் தளர்த்தியே வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினாள். முதலில் வெட்கமாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் ஊரார் பார்க்கச் சைக்கிள் பழகியதை நினைத்துக்கொண்டேன். கேலி பேசியவர்கள் நடுவே விழுந்தும் எழுந்தும் கற்றவர்கள் அவர்கள். மருமகள் முன் நான் வெட்கப்படுவதில் என்ன நியாயம்?

இப்போதும் செங்கம் சாலையில் செல்கிறேன். முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் கை தானாகத் தளர்கிறது. அது புதிய பழக்கம். உங்கள் இல்லத்திற்கும் புதிய வண்டி வந்தால், அனுபவத்தைச் சற்று நேரம் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, பத்து நாள் மாணவராக இருங்கள். முன்னால் நடந்துசெல்பவர் யாரோ ஒருவருடைய தாய்.